தினசரி வாழ்க்கையில ஆண்டவர் பேசறார்னு சொல்றாங்க, எனக்கு ஏன் ஒண்ணுமே கேக்கல?

தூக்கம்வராதவன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சபை வாட்ஸ்அப் குரூப்ல தினமும் ஒரு தியானம் வரும், பேனா மூடி தொலைஞ்சா அதுல ஒரு ஆவிக்குரிய பாடம், லிஃப்ட் பாதியில நின்னா அதுல ஒரு பாடம். எனக்கு லிஃப்ட் நின்னா எரிச்சல்தான் வருது.

விஷயம் என்னன்னா அப்பாவுக்கு ஞாபக மறதி நோய். அம்மா போய் 2 வருஷம் ஆச்சு. அப்பா தினமும் "அம்மா எங்கடா"ன்னு கேப்பார், முதல்ல உண்மையச் சொல்லிட்டு இருந்தேன், ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கேள்விப்படற மாதிரி அழுவார், அப்புறம் சொல்றதையே நிறுத்திட்டேன், இப்போ "வருவாங்கப்பா"ன்னு சமாளிக்கறேன். இதுல நான் என்ன பாடம் எடுக்கறது? நம்பிக்கைன்னு எதைப் பிடிச்சுக்கறது? ஜெபம் பண்றேன், இல்லன்னு சொல்லல. ஆனா காலியா இருக்கு.

ஜெபவீரன்77:
பிரதர் சோர்ந்து போகாதீங்க. எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு, தேவன்கிட்ட அன்பா இருக்கறவங்களுக்கு எல்லாம் நன்மைக்குத்தான் நடக்கும்னு சொல்ற ரோமர் 8:28 வாசிங்க. இதுலயும் கர்த்தர் உங்களுக்கு எதையோ கத்துக்குடுக்கறார், அதைக் கண்டுபிடிச்சுட்டீங்கன்னா பாரம் தானா இறங்கிடும்.

கடைசிபெஞ்ச்:
மேல சொன்ன பிரதர் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்ல. அப்பாவோட நோய் மகனுக்கு நடத்தற கிளாஸா? லூக்கா 13 எடுத்துப் பாருங்க, சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப் போறாங்க, அவங்க மத்தவங்களைவிட பெரிய பாவிங்கன்னு நெனைக்கறீங்களா, இல்லவே இல்லன்னு இயேசுவே சொல்றார். யோவான் 9ல பிறவிக் குருடனைக் காட்டி யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேட்டப்பவும் இவனும் இல்ல, இவனைப் பெத்தவங்களும் இல்லன்னுட்டார். நாமதான் எதைப் பார்த்தாலும் அர்த்தம் ஒட்டிக்கிட்டே திரியறோம்.

ஜெபவீரன்77:
பிரதர் ஆனா லூக்கா 13ல அடுத்த வரியிலயே மனந்திரும்பணும்னு சொல்றாரே? அதுவும் ஒரு பாடம்தானே?

கடைசிபெஞ்ச்:
பாடம்தான், ஒத்துக்கறேன். ஆனா அது கேட்டுட்டு நின்னவங்களுக்கு. செத்தவங்க அந்தப் பாடத்துக்காகத்தான் செத்தாங்கன்னு அவர் சொல்லல. ரோமர் 8:28ஐயும் நான் நம்பறேன், ஆனா கஷ்டப்படறவன் கையில அதை ஹோம்வொர்க் மாதிரி குடுக்கக் கூடாதுங்கறதுதான் என் பாயிண்ட்.

ரெண்டாம்ஷிப்ட்:
தம்பி, நான் என் மாமியாரை 6 வருஷம் பார்த்துக்கிட்டவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். முதல்ல ஒண்ணு, நீ சரியா தூங்கறியா? பேரைப் பார்த்தாலே தெரியுது. 1 இராஜாக்கள் 19ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கோன்னு சொல்றார். தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? தட்டி எழுப்பி சாப்பிடுன்னான். சாப்பிட்டு மறுபடி படுத்துட்டார், திட்டல, ரெண்டாந்தடவையும் வந்து எழுப்பி, போக வேண்டிய தூரம் ரொம்ப இருக்கு சாப்பிடுன்னான். கர்த்தர் அவர்கிட்ட பேசின அந்த மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதுக்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். நாம அந்தச் சத்தத்தை மட்டும் பேசறோம், நடுவுல அந்த மனுஷன் தூங்கினதை விட்டுடறோம்.

அப்புறம் இயேசு சிலுவையில செத்த பிறகு எம்மாவு ஊருக்கு நடந்து போன ரெண்டு சீஷர்கள். "நம்பியிருந்தோம்"னு சொல்றாங்க பாரு, லூக்கா 24:21. இறந்த காலம்! நம்பிக்கை செத்துப்போன ரெண்டு பேர் கூடத்தான் உயிர்த்தெழுந்த இயேசு நடந்து வர்றார், அவங்களுக்கு அடையாளமே தெரியல, அப்பம் பிட்டப்பதான் தெரிஞ்சுது, தெரிஞ்ச உடனே ஆளைக் காணோம். வழியெல்லாம் நெஞ்சு கொழுந்து விட்டு எரிஞ்சுதேன்னு அப்புறம் திரும்பிப் பார்த்துதான் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அந்த 6 வருஷத்துல ஒரு நாள் கூட எனக்கு ஆவிக்குரிய உணர்வுன்னு பெருசா எதுவும் வந்ததில்ல, இடுப்பு வலிதான் இருந்துது. சில நாள் அத்தை மேல கத்தியிருக்கேன், பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். இப்போ யோசிச்சா நான் தனியா இருந்தேன்னு என்னால சொல்ல முடியல, அவ்வளவுதான்.

கடைசிபெஞ்ச்:
அக்கா சூப்பர். ஒரு சின்ன விஷயம் சேத்துக்கறேன், எரிகோல இஸ்ரவேல் வேவுகாரங்களை ஒளிச்சு வச்ச ராகாப், தன் வீடு தப்பறதுக்கு அடையாளமா சன்னல்ல கட்டினாளே சிவப்பு நூல் கயிறு, யோசுவா 2ல, அந்தக் கயிறுக்கு எபிரெயத்துல வர்ற வார்த்தை "திக்வா". நம்பிக்கைக்கும் அதே வார்த்தைதான். அவ கயித்தைக் கட்டிட்டு உள்ள காத்திருந்தா, வெளிய எரிகோ மதில் இன்னும் அப்படியேதான் நின்னுட்டு இருந்துது. உள்ளுக்குள்ள அவளுக்கு என்ன ஃபீலிங்னு வேதத்துல ஒரு வரி கிடையாது.

ஜெபவீரன்77:
சரி பிரதர், நான் அவசரப்பட்டு எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அப்பா பேரைச் சொல்லாட்டியும் பரவால்ல, இன்னைக்கு ராத்திரி ஜெபத்துல வைக்கறேன்.

தூக்கம்வராதவன்:
எல்லாருக்கும் நன்றி. ஜெபவீரன் பிரதர், மன்னிப்பெல்லாம் எதுக்கு, ஜெபம் பண்ணுங்க போதும். அக்கா, நீங்க கத்தியிருக்கேன்னு சொன்னதுதான் எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துது, நானும் கத்தியிருக்கேன், இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்ல.

இன்னைக்கு சாயங்காலம் அப்பா சட்டை பட்டனை ஒண்ணு தள்ளிப் போட்டுட்டார், ஒரு பக்கம் கீழ தொங்குது. எல்லாத்தையும் அவுத்து மேல இருந்து மறுபடி போட்டு விட்டேன், முடியற வரைக்கும் என் தோள்ல கைய வச்சுக்கிட்டு அப்படியே நின்னார், அம்மாவைப் பத்திக் கேக்கல. பாடம்னு எதுவும் தோணல. எரிச்சலும் வரல. இப்போ தூங்கறார், அக்கா சொன்ன மாதிரி நானும் போய்ப் படுக்கறேன்.