தம்பிக்கு ஞாபகம், கவனத்துக்கான பயிற்சி சென்னையில் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை எடுத்ததில் காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. கவனமும் ஞாபகமும்தான் தேறவில்லை. குக்கர் வைத்தால் விசில் எண்ண மறந்துவிடுகிறான். கடையில் மூன்று சாமான் வாங்கச் சொன்னால் ஒன்றோடு வருகிறான். 29சி பஸ்ஸில் தனியாகப் போக ஆசை, இறங்கும் இடத்தை விட்டுவிடுவோமோ என்று பயம். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்கிறார்கள். அது சோம்பல் இல்லை, நோயின் ஒரு பகுதி. எத்தனை சொன்னாலும் அவர்களுக்கு ஏறவில்லை, மனசு வலிக்கிறது.

குரல்களை அடக்கும் மருந்துகள் இந்தக் குறைக்குப் பெரிதாக உதவுவதில்லை. அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு, வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும் என்று படித்தேன். அந்த மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை ஞாபகத்தைக் குறைக்கலாம் என்பதால் அதையும் டாக்டரிடம் கேட்கப்போகிறேன் (நாமாக நிறுத்தக் கூடாது).

அண்ணா நகரில் மனச்சிதைவு நோய்க்கென்று இருக்கும் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனத்திலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ இப்படிப்பட்ட பயிற்சிக்கு யாராவது போயிருக்கிறீர்களா? வாரம் எத்தனை நாள், செலவு எவ்வளவு, தமிழில் நடத்துகிறார்களா? வடசென்னைப் பக்கம் வேறு இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். சுவரில் வேலைப் பட்டியல், போனில் அலாரம் என்று வீட்டிலேயே பழக்கியவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்? தானே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது தம்பியின் ஆசை, அதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?