ஸ்கூபா பயிற்சியும் கடல் பாதுகாப்பும்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

அலையாத்தி:

சென்ற மாதம் கண்டதை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும்.

இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் ஒரு கடல் விசிறி, விசிறிபோல் கிளை விரிக்கும் பவள வகை. இரு கைகளையும் விரித்தால்கூட அடங்காத அகலம். அதில் குட்டிக் கடற்குதிரை இருப்பதாக வழிகாட்டி விரலால் காட்டினார். காட்டிய பிறகும் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆனது. மொத்த உடலும் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். விசிறியின் அதே இளஞ்சிவப்பு, அதே முண்டு முண்டான தோல். வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு அடுத்து வந்தவரிடம் பெரிய கேமராவும் இரண்டு விளக்குகளும். கடற்குதிரையோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் ஓர் உலோகக் குச்சியை எடுத்தார். மணலில் ஊன்றி உடலை நிறுத்திக்கொள்வதற்கென்று விற்கிறார்களே, அதே குச்சி. அதன் நுனியால் கிளையை நெம்பினார். குதிரை திரும்பியது. ஒரு ஃபிளாஷ். அது மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீண்டும் குச்சி. பதினொரு முறை எண்ணினேன். அவ்வளவு நேரமும் அவருடைய ஒரு ஃபின், அதாவது காலில் மாட்டும் துடுப்பு, விசிறியின் அடிப்பகுதியில் உரசிக்கொண்டே இருந்தது. வழிகாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

படகில் ஏறி உடை மாற்றி வந்தவரின் சட்டையில் ஆமைப் படம். கீழே, பெருங்கடலைக் காப்போம் என்ற வாசகம். கடல் பாதுகாப்புக்கென்றே தனிச் சான்றிதழ் அட்டை வாங்கியிருப்பதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கு நீரில் இறங்கவே வேண்டியதில்லையாம், ஒரு மாலை வகுப்பில் உட்கார்ந்தால் போதுமாம்.

கடலுக்குக் காவலர்கள் நாங்கள்தான் என்று மூழ்காளர்களும் பயிற்சி அமைப்புகளும் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு உண்மை? உங்கள் கொள்கைகள் வேண்டாம். கண்டதைச் சொல்லுங்கள்.

ஈயக்கட்டி:

ஒன்பது ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து வெளியே வந்தவன் நான். அந்தக் குச்சிக்காரரை உருவாக்கியதில் என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

முதல்நிலைப் படிப்புக்குத் திறந்த கடலில் நான்கு முறை இறங்கினால் போதும். ஒரு பயிற்றுநர் எட்டு மாணவர்கள் வரை அழைத்துப் போகலாம். எட்டுப் பேரில் ஒருவர் மூச்சை அடக்கியபடி மேலே போய்விட்டாலும் நுரையீரல் கிழியும் ஆபத்து. அந்தப் பயத்தில் நாங்கள் செய்வது என்ன தெரியுமா? எடைப் பட்டையில் தேவைக்கு மேல் இரண்டு ஈயக்கட்டிகளைக் கோத்துவிடுவோம். கனமானவன் கீழே இருப்பான், கீழே இருப்பவன் கண்ணில் இருப்பான். வரிசையாக மணலில் முழங்காலிடச் செய்து, முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு, மூழ்காளர் சான்றிதழ் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

அந்த அதிகப்படி ஈயமும் அவனோடு அடுத்த கடலுக்குப் போகும். கனத்தை ஈடுகட்ட அவன் மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றுவான். காற்று மார்பை மேலே தூக்கும், ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கும். படுத்து நீந்த வேண்டியவன் நின்றபடி மிதிவண்டி ஓட்டுவான். ஒவ்வோர் உதையும் தரையைப் பார்த்தே போகும். ஒன்று, மணல் கிளம்பிப் பவளத்தின்மேல் படியும். இல்லாவிட்டால் ஃபின்னே கிளையை முறிக்கும். மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது, எப்படியோ தேறிவிடும். பாறைபோல் திரண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும்.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அட்டைகள் கூடினால் அமைப்புக்கு வருமானம், படிப்பைச் சீக்கிரம் முடித்தால் கடைக்கு வருமானம். மிதவைக் கட்டுப்பாடு, அதாவது ஏறாமல் இறங்காமல் நீரில் நிற்பது, கைவர நேரம் பிடிக்கும். அதைப் பிறகு தனிப் படிப்பாக, தனிக் கட்டணத்துக்குக் கற்றுக்கொடுப்பார்கள். முதல் நாள் பாடத்தை மேல்படிப்பாக விற்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ‘பாடி’ (PADI) என்ற மூழ்குப் பயிற்சி அமைப்பு 2013 வாக்கில் பாடத்திட்டத்தைத் திருத்தி மிதவைக் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு ஆண்டுகள் முழங்காலிடவே விடாமல் மிதந்தபடிதான் கற்றுக்கொடுத்தேன். அதற்காக நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்றேன். உரிமையாளர் சிரித்தார். அத்தோடு முடிந்தது.

உப்புக்காற்று:

ஃபின் பட்டு முறிந்த கிளையைப் பற்றிப் பேசுகிறோம். 2024 கோடையில் நான் இறங்கிய இடத்தில் பவளத்திட்டு முழுவதும் வெளுத்துக் கிடந்தது. கடல் சூடேறினால் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், உணவும் போகும். கூட வந்த இருவர் மேலே வந்ததும், “வெள்ளைப் பூந்தோட்டம் மாதிரி என்ன அழகு!” என்று படங்களைக் காட்டி மகிழ்ந்தார்கள். அட்டை வைத்திருப்பவர்கள்தான். பட்டினியில் வெளிறிக் கிடப்பதை அழகு என்று நினைக்காத அளவுக்காவது படிப்பில் சொல்லித் தந்திருக்கலாம். அங்கே போக நாங்கள் எல்லாரும் விமானத்தில்தான் பறந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

புள்ளிச்சுறா:

அலையாத்தி அக்கா, நீங்கள் சொன்ன ஆளை நானும் நாலைந்து கடலில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கொஞ்சம் எதிர்த்துப் பேச அனுமதியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திமிங்கலச் சுறாவைச் சந்தித்தேன். அதன் இடப்பக்கத்தை, செவுள் பிளவுகளுக்குச் சற்றுப் பின்னால் உள்ள புள்ளிகள் தெரியும்படி எடுங்கள் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். நமக்குக் கைரேகை போல அதற்கு அந்தப் புள்ளிகள். படத்தை ஆய்வாளர்களின் தரவுத்தளத்துக்கு அனுப்பினேன். வானியலார் விண்மீன் கூட்டங்களை ஒப்பிடப் பயன்படுத்திய கணக்கு முறையை எடுத்துத்தான் இந்தப் புள்ளிகளையும் ஒப்பிடுகிறார்கள். பிறகு மறந்தே போனேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மின்னஞ்சல்: நீங்கள் எடுத்த சுறா வேறு கரையில் இன்னொருவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று. அதை எடுத்தவரும் என்னைப்போல் விடுமுறைக்குப் போன ஆள்தான். சம்பளம் கொடுத்து இத்தனை கண்களை எந்த ஆய்வகம் கடலுக்குள் அனுப்ப முடியும்?

2013இல் பாங்காக்கில் நடந்த சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாட்டில் சுத்தியல்தலைச் சுறாக்கள், திருக்கை இனமான மாண்டா எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. அதற்காக மனுப் போட்டு நெருக்கியவர்களில் மூழ்காளர்களும் உண்டு, ‘பாடி’ அமைப்பு தொடங்கிய ‘புராஜெக்ட் அவேர்’ அமைப்பும் உண்டு. சுறாவை நேரில் பார்த்தவனுக்குத்தான் அதற்காகச் சண்டை போடத் தோன்றும். அதைப் பார்க்க வைத்தது அந்த அட்டைதான்.

வலைமுடிச்சு:

கடலடிக் குப்பை அள்ளும் நாளுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது ஓர் பழைய கண்ணாடிப் புட்டியைப் பெருமையோடு மேலே கொண்டுவந்தேன். ஒருங்கிணைத்த பெண் அதைக் கையில் வாங்கித் திருப்பிக் காட்டினார். வாயிலிருந்து ஒரு மிகச்சிறிய எண்காலி எட்டிப் பார்த்தது. உயிர் குடியேறிய பொருளை விட்டுவிட வேண்டும், பவளம் வளர்ந்து மூடிய கயிற்றை இழுக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். புட்டி திரும்பிப் போனது. மீதி எல்லாவற்றையும் எடை போட்டு, வகை பிரித்து, எழுதி அனுப்பினோம்.

அடுத்த ஆண்டு வேறொரு மூழ்கு நிலையத்தோடு போனேன். நான்கு மூட்டைக் குப்பை. மூட்டைகளோடு குழுப்படம் எடுத்தார்கள், பதாகையைச் சுருட்டினார்கள். மாலையில் படகுத்துறைப் பக்கம் போனால் நான்கு மூட்டைகளும் அங்கேயே. ஒன்று அவிழ்ந்து, காற்றில் பைகள் ஒவ்வொன்றாகக் கடலுக்கே திரும்பிக்கொண்டிருந்தன. நானும் இன்னொருவரும் இழுத்துப் போய் நகராட்சித் தொட்டியில் போட்டோம். படத்தை அவர்கள் இன்னும் விளம்பரத்தில் போடுகிறார்கள். நானும் அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஈயக்கட்டி:

புள்ளிச்சுறா சொன்னதை மறுக்கவில்லை தம்பி. மேடையில் மனுப் போடும் அமைப்பும் எட்டுப் பேரை மணலில் முழங்காலிடச் செய்யும் அமைப்பும் ஒன்றே என்பதுதான் என் வருத்தம்.

அலையாத்தி கேட்காமல் விட்ட ஒன்று: வழிகாட்டி ஏன் சும்மா இருந்தார்? கரீபியத் தீவு நாடான செயின்ட் லூசியாவில் 353 மூழ்காளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. படகில் சொன்ன சுருக்கமான அறிவுரையால் பலன் தெரியவில்லை. நீருக்கடியில் வழிகாட்டி நேரடியாகத் தலையிட்டபோதுதான் பவளத்தைத் தொடுவது குறைந்தது. கேமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தொட்டார்கள் என்பதும் அதில் உண்டு. 2025இல் தாய்லாந்து அரசு, அனுபவமில்லாதவர்கள் கேமராவோடு மூழ்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அரசு சொல்லும்வரை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அக்கா, ஒன்று செய்து பாருங்கள். மிதவைச் சட்டையைக் காலி செய்துவிட்டு, இயல்பாக மூச்சை இழுத்து நிறுத்தி நீர்ப்பரப்பில் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் காலியாகக் காலியாக லேசாகும், அதற்கு மட்டும் சிறிது ஈயம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அலையாத்தி:

செய்து பார்த்தேன். எட்டுக் கிலோவிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக அந்த மூன்று கிலோவைச் சுமந்துகொண்டு எத்தனை திட்டுகளின் மேல் மிதிவண்டி ஓட்டியிருக்கிறேனோ.

வழிகாட்டி கேள்விக்கும் பதில் கிடைத்தது. அதே இடத்துக்குத்தான் இந்த முறையும் போனேன். அன்று ஏன் தடுக்கவில்லை என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அவர் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறவர், ஒவ்வொரு முறையும் ஆறு பேரை அழைத்து வருவார்” என்றார். கொஞ்ச நேரம் ரெகுலேட்டரை, வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவியை, கழுவிக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கள் அவரைத் தட்டியிருக்கலாமே, உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாதே” என்றார்.