‘யேக்’, ‘ம்யேர்’, ‘மிக்’: ஐஸ்லாந்து மொழியில் ‘எனக்கு’ எப்போது வரும்?

கேள்வி | வடக்கு வாசல்

வணக்கம். ஐஸ்லாந்தின் வடக்கே அக்குரேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. உடன் வேலை செய்பவர்கள் என்னோடு ஆங்கிலத்தில் பேசிவிடுகிறார்கள். ஆனால் நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்குச் சொந்த மொழியில் பேசினால்தான் முகம் மலர்கிறது. அதற்காகவே கற்கிறேன்.

போன வாரம் ஒரு பாட்டியின் அறையில் ஜன்னல் திறந்து கிடந்தது. குளிர் தாங்காமல் “யேக் எர் கல்த்” என்றேன். யேக் என்றால் நான், கல்த் என்றால் குளிர். சரியாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்தேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு “ம்யேர் எர் கல்த்” என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அதை நினைவில் வைத்து, காபி வேண்டும் என்பதற்கு “ம்யேர் லௌங்கர் இ கஃபி” என்றேன். “மிக் லௌங்கர்” என்று அதையும் திருத்தினார்.

யேக், ம்யேர், மிக் மூன்றும் ‘நான்’தானா? வகுப்பில் தந்த அட்டவணைகளைப் பிரித்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் | ஒன்பது குளிர்காலம்

அந்தப் பாட்டியை விட்டுவிடாதீர்கள். அவரைப் போல ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது.

ரெய்க்யாவிக்கில் எனக்கு இது ஒன்பதாவது ஆண்டு. முதல் ஆண்டு முழுவதையும் நான் வீணாக்கியதற்கு ஒரே காரணம், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு மாற்றியதுதான். தமிழில் ‘நான் குளிர்’ என்றா சொல்கிறோம்? ‘எனக்குக் குளிர்கிறது’ என்கிறோம். ம்யேர் என்பது அந்த ‘எனக்கு’. ம்யேர் ஃபின்ஸ்த் என்றால் எனக்குத் தோன்றுகிறது. ம்யேர் லீக்கர் என்றால் எனக்குப் பிடிக்கிறது. ம்யேர் லீதுர் வெல் என்றால் எனக்கு நலமாக இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். நமக்கு இது பிறந்த வீட்டுப் பழக்கம்.

மிக் என்பது ‘என்னை’. மிக் லௌங்கர் என்பதை ‘என்னை ஆசை பிடித்திருக்கிறது’ என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிக் வந்தர் (எனக்குத் தேவை), மிக் த்ரேம்தி (கனவு கண்டேன்) ஆகியவையும் இந்த வகைதான். நீங்கள் செய்த பிழையை ஐஸ்லாந்துக்காரர்களே நிறையப் பேர் செய்கிறார்கள். அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: தமிழில் சொன்னால் ‘நான்காம் வேற்றுமை நோய்’. எனவே அதற்காக வருந்த வேண்டாம். எழுதும்போது மட்டும் மிக் என்றே எழுதுங்கள்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ம்யேர் போடக் கூடாது. பெண் சொன்னால் “யேக் எர் ஸ்வைங்க்”, ஆண் சொன்னால் “யேக் எர் ஸ்வௌங்குர்”. நமக்கு ‘நல்ல பையன்’, ‘நல்ல பெண்’ இரண்டிலும் ‘நல்ல’ மாறுவதில்லை. இங்கே பெயரடை பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறும்.

வேற்றுமைகள் நான்கே: நம் கணக்கில் முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள். பள்ளிப் பிள்ளைகள் அதை ஒரு குதிரையை வைத்துப் படிக்கிறார்கள்: ஹ்யேர் எர் ஹெஸ்துர், உம் ஹெஸ்த், ஃப்ரௌ ஹெஸ்தி, தில் ஹெஸ்த்ஸ். இதோ குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரையிடம். அட்டவணையை மூடிவிட்டு இந்த நான்கு சிறு சொற்களோடு சேர்த்து ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: அக்குரேரியிலிருந்து என்றால் ஃப்ரௌ அக்குரேரி, அக்குரேரிக்கு என்றால் தில் அக்குரேரார். ‘-க்கு’ என்று நமக்குத் தோன்றும் இடத்தில் தில் ஆறாம் வேற்றுமையைக் கேட்கிறது. எனக்கு இது பழகவே நீண்ட காலம் ஆயிற்று.

வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த வேற்றுமையோடு வருகிறதோ அதையும் சேர்த்துப் படியுங்கள். அந்த ஜன்னலையே பாருங்கள். ‘ஜன்னலைத் திற’ என்பது “ஒப்னது க்லுக்கன்”, இரண்டாம் வேற்றுமை. ‘ஜன்னலை மூடு’ என்பது “லோக்கது க்லுக்கனும்”, நான்காம் வேற்றுமை. திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு வேறொன்று. ஏன் என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காமல் இரண்டையும் ஜோடியாக மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஐஸ்லாந்து மொழியில் ‘அம்மா’ என்றால் பாட்டி. அதுவும் வேற்றுமையில் ‘ஒம்மு’ ஆகும். ஈற்றில் உகரம் வந்தால் அதற்கு முன் அசையில் உள்ள அகரம் பெரும்பாலும் ஒகரம் போல வாய் குவிந்து மாறும் என்பது இந்த மொழியில் அடிக்கடி பார்க்கும் விதி. “யேக் ஹ்யௌல்பா ஒம்மு” என்றால் பாட்டிக்கு உதவுகிறேன். ‘உதவு’ இங்கும் ‘-க்கு’தான் கேட்கிறது, நம்மைப் போலவே.

பதில் | மதுரை மாணவன்

நான் ஊரிலிருந்தே இணையத்தில் கற்கிறேன். ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ‘ஐஸ்லாண்டிக் ஆன்லைன்’ பாடங்கள் இலவசம். படிப்படியாக, ஒலியோடு இருக்கின்றன. எந்தச் சொல்லின் வடிவத்தில் சந்தேகம் வந்தாலும் அர்னி மக்னூசன் நிறுவனத்தின் ‘பீன்’ என்ற தளத்தில் போட்டால் எல்லா வேற்றுமை வடிவங்களும் வந்துவிடும். உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: குறுக்குக் கோடு போட்ட ‘d’ போன்ற அந்த எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘அது’, ‘இது’ என்பதில் வரும் தகரம்தான் அது.

ஒன்று முதல் நான்கு வரை எண்களும் மாறுமாமே, அதை எப்படிப் பழகினீர்கள்?

பதில் | ஒன்பது குளிர்காலம்

மாறும். ஐந்திலிருந்து இருபது வரை மாறாது. நான் பழகியது கடை வாசலில். இங்கே தொத்திறைச்சி ரொட்டியை, வெங்காயம், சாஸ் எல்லாம் போட்டுக் கேட்க “ஏய்னா பில்சு மெத் ஒட்லு” என்பார்கள். பில்சா பெண்பால், வாங்கும்போது இரண்டாம் வேற்றுமை என்பதால் பில்சு, அதனால் எண்ணும் ஏய்னா. மெத் (உடன்) வந்ததால் ‘எல்லாம்’ நான்காம் வேற்றுமையில் ஒட்லு. நான்கே சொற்களில் பாதி இலக்கணம் இருக்கிறது. இரண்டு வேண்டுமானால் த்வைர் பில்சுர். வரிசையில் நிற்கும்போதே வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் வந்தது.

பதில் | வடக்கு வாசல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை முறையில் பாட்டியின் அறைக்குப் போனபோது ஜன்னல் வழியே காற்று வீசிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஔ யேக் அத் லோக்கா க்லுக்கனும்?” என்று கேட்டேன். ஜன்னலை மூடட்டுமா என்று. பாட்டி புத்தகத்திலிருந்து தலையைக் கூடத் தூக்காமல் “யௌ, தக்” என்றார். ஆம், நன்றி என்று. முதல் முறையாகத் திருத்தவில்லை.