தினமும் இரவு கேஷைக் காலி செய்யும் க்ரான்: வைத்துக்கொள்வதா, தூக்குவதா?

கதிரொளி:
வணக்கம். ஒரு சர்வரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். முன்னால் வெப்சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் ஒரு பிஎச்பி பயன்பாடு, நடுவில் டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் ரெடிஸ். மறுபடி கேட்டால் உடனே கொடுக்க இவை எடுத்துவைக்கும் நகல்தான் கேஷ். முன்பு பார்த்துக்கொண்டவர் ஒரு க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரவு 3 மணிக்கு ரெடிஸைக் காலி செய்யும் ஃப்ளஷ்ஆல் கமாண்ட் ஓடும். அப்புறம் என்ஜின்எக்ஸ் கேஷ் டைரக்டரியில் ஒரு மணி நேரமாகப் படிக்கப்படாத ஃபைல்களை 'ஃபைண்ட்' தேடி அழிக்கும். கடைசியில், லினக்ஸ் ரேமில் வைத்திருக்கும் ஃபைல் கேஷைக் காலி செய்ய, அதன் டிராப்-கேஷஸில் 3 என்று எழுதும். இது முடிந்த உடனே டேட்டாபேஸ் லோட் எகிறி, விடியும்வரை தளம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தூக்கிவிடலாம் என்றால், டிஸ்க் நிரம்பிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஓரக்கல்:
மூன்றாவது வரியை இப்போதே எடுங்கள், அதற்கு விவாதமே வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் ஃபைல்களை வைத்துக்கொள்கிறது. வேறு ப்ராசஸ் மெமரி கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். 'ஃப்ரீ' கமாண்டில் பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற பத்தியை. டிராப்-கேஷஸைச் சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம் என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஆவணமே சொல்கிறது.

மற்ற இரண்டும் ஒரே நோய். கேஷுக்கு வரம்பு வைக்காமல் விட்டுவிட்டு, நிரம்புகிறதே என்று தினமும் அள்ளிக் கொட்டுகிறார்கள். ரெடிஸில் மேக்ஸ்மெமரி வைக்காவிட்டால் 64 பிட் சர்வரில் வரம்பே கிடையாது. வரம்பு மட்டும் வைத்தாலும் போதாது. தொடக்கத்தில் இருக்கும் பாலிசி 'நோஎவிக்‌ஷன்', அதாவது நிரம்பியதும் எழுத விடாமல் எர்ரர் கொடுக்கும். அதை, நிரம்பியதும் நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' ஆக்குங்கள். என்ஜின்எக்ஸுக்கு மேக்ஸ்-சைஸ் (கேஷ் டிஸ்கில் பிடிக்கும் இடத்துக்கு வரம்பு) கொடுங்கள். க்ரானுக்கு அங்கே வேலையே இல்லை.

இரவுக்காவல்:
ஓரக்கல் சொல்வது, எல்லாரும் ஒழுங்காக ப்ரோக்ராம் கோடு எழுதுகிற உலகத்துக்குச் சரி. டேட்டா மாறும்போதெல்லாம் கேஷில் அதற்குரிய கீயை (டேட்டாவை வைத்திருக்கும் பெயரை) பயன்பாடு நீக்குகிறது என்று யார் உத்தரவாதம் தந்தார்கள்? நான் பராமரிக்கும் ஒரு கோடில் விலையைத் திருத்தினால் பொருளின் பக்கம் மாறும், பட்டியல் பக்கத்தில் பழைய விலையே நிற்கும். தினசரி ஃப்ளஷ் இருப்பதால் அந்தப் பிழை ஒரு நாளைக்கு மேல் தாங்குவதில்லை.

எல்ஆர்யூ இங்கே என்ன செய்யும்? நெடுநேரமாக யாரும் தொடாததைத்தான் வெளியேற்றும். தவறான பக்கத்தை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டே இருந்தால் அது வெளியேறவே வெளியேறாது. இடம் பற்றிய பிரச்சினைக்கான மருந்தை, பழைய டேட்டா பற்றிய பிரச்சினைக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். லோட் எகிறுவதும் ஆள் குறைவான நேரத்தில்தானே? பகலில் சொல்லாமல் வருவதற்கு இது மேல்.

ஓரக்கல்:
பழைய விலை ஒரு நாள் முழுக்க நிற்பது உங்களுக்குப் பரவாயில்லை என்றால், அந்தக் கீகளுக்கு ஒரு மணி நேர டிடிஎல் (காலாவதி நேரம்) வைத்துவிட்டுப் போங்கள். ஃப்ளஷைவிடச் சீக்கிரமே திருந்தும். நல்ல கீகளையும் சேர்த்து எதற்குக் கொல்ல வேண்டும்?

லோடைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் 2.5 மணி நேரம் படுத்தது. கேஷில் இருந்த ஒரு கான்ஃபிக் மதிப்பு தவறு என்று தெரிந்ததும் க்ளையண்டுகள் எல்லாம் அதைச் சரிசெய்ய ஒரே நேரத்தில் டேட்டாபேஸுக்கு ஓடின. டேட்டாபேஸ் திணறி எர்ரர் கொடுத்தது. அந்த எர்ரரையும் 'மதிப்பு தவறு' என்றே எடுத்துக்கொண்டு கேஷ் கீயை அழித்தன, மறுபடியும் ஓடின. கடைசியில் தளத்தையே நிறுத்தித்தான் அந்தச் சுழலை உடைத்தார்கள்.

இரவுக்காவல்:
ஃபேஸ்புக் எங்கே, இவருடைய ஒற்றை சர்வர் எங்கே! இன்னொன்று. எல்லாக் கீக்கும் 3600 வினாடி டிடிஎல் வைத்தால், ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகச் சாகும். தினம் ஒருமுறை வந்த நெரிசல் மணிக்கொருமுறை வரும்.

ஓரக்கல்:
டிடிஎல்லோடு சில நிமிடங்களை ரேண்டமாகக் கூட்டினால் கலைந்துவிடும். என்ஜின்எக்ஸ் பக்கம் ப்ராக்ஸி-கேஷ்-லாக் இருக்கிறது: ஒரே பக்கத்துக்குப் பலர் வந்தால் ஒருவரை மட்டும் பின்னால் அனுப்பி மற்றவர்களைக் காக்கவைக்கும்.

தாரணி:
இருவரும் அந்த 'ஃபைண்ட்' வரியை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் ஆகப் பெரிய கோளாறு. 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து ஃபைல் சிஸ்டம் 'ரெல்-ஏடைம்' முறையில்தான் மவுண்ட் ஆகிறது. ஃபைலைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் 'கடைசியாகப் படித்த நேரம்' மாறாது. அந்த நேரம் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைவிடப் பழையதாகவோ, ஒரு நாளைத் தாண்டியதாகவோ இருந்தால்தான் மாறும்.

நண்பகலில் கேஷில் விழுந்த முகப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை படித்தபோது நேரம் பதிவாகும், அத்தோடு சரி. அதன்பின் வினாடிக்குப் பத்துப் பேர் கேட்டாலும் 3 மணிக்கு ஸ்கிரிப்ட் வந்து பார்க்கும்போது, 15 மணி நேரமாக யாரும் தொடாத ஃபைலாகத் தெரியும். அழித்துவிடும். ஆளே தொடாத குப்பையை அழிப்பதாக நினைத்துக்கொண்டு, தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் பக்கங்களையே அது அழிக்கிறது. என்ஜின்எக்ஸ் இந்த நேரத்தை நம்புவதே இல்லை. எந்தக் கீயை எப்போது கேட்டார்கள் என்ற கணக்கைத் தன் மெமரியில் வைத்திருக்கிறது.

கதிரொளி, இரண்டு விவரம் சொல்லுங்கள். என்ஜின்எக்ஸில் 'இன்ஆக்டிவ்' (யாரும் கேட்காத ஃபைலை விட்டுவைக்கும் காலம்) எவ்வளவு வைத்திருக்கிறது? லாக்-இன் செஷனும் அதே ரெடிஸில்தானா?

கதிரொளி:
இன்ஆக்டிவ் 30 நாள், மேக்ஸ்-சைஸ் போடவில்லை. செஷனும் அங்கேதான், தனி டேட்டாபேஸ் எண்ணில். காலையில் எல்லாரையும் மறுபடி லாக்-இன் கேட்கிறது என்று புகார் வருவது இதனால்தானா?

தாரணி:
அதேதான். ஃப்ளஷ்ஆல் எண் பார்க்காது, எல்லா டேட்டாபேஸையும் துடைத்துவிடும். டிஸ்க் நிரம்புவதற்குக் காரணம் அந்த 30 நாள். எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் 10 நிமிடம்தான். அதற்குள் யாரும் கேட்காத ஃபைலை என்ஜின்எக்ஸே எடுத்துவிடும்.

இரவுக்காவல்:
சரி, ஃப்ளஷ்ஆல் வேண்டாம், ஒரு டேட்டாபேஸ் எண்ணை மட்டும் துடைக்கும் ஃப்ளஷ்டிபி என்று மாற்றச் சொல்கிறேன். ஆனால் ஓரக்கல் சொன்ன ஆல்கீஸ்-எல்ஆர்யூவை இந்த ரெடிஸில் வைத்தால் என்ன ஆகும்? பாலிசி முழு ரெடிஸுக்கும் ஒன்றுதான், எண் வாரியாகக் கிடையாது. கேஷ் வீங்கினால் செஷனைத் தூக்கி வெளியே போடும். அதுவும் இரவில் அல்ல, நல்ல கூட்டத்தில்.

ஓரக்கல்:
ஒரே ரெடிஸ் என்றால் நீங்கள் சொல்வது சரி. டிடிஎல் உள்ள கீகளை மட்டும் வெளியேற்றும் 'வாலட்டைல்-எல்ஆர்யூ'வும் கைகொடுக்காது, செஷனுக்கும் டிடிஎல் இருக்கும். எனவே இரண்டு ரெடிஸ், இரண்டு போர்ட். கேஷுக்கு ஆல்கீஸ்-எல்ஆர்யூ. செஷனுக்கு நோஎவிக்‌ஷன்.

இரவுக்காவல்:
இனோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டம் வைக்கும் பதிவு)? எங்கள் கேஷில் சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து, டிஸ்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்று எர்ரர் வந்தது. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் இனோட் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். மேக்ஸ்-சைஸ் பைட்டைத்தான் எண்ணும், ஃபைலை எண்ணாது.

தாரணி:
ஃபைலை எண்ணுவது கீஸ்-ஸோன், அதாவது என்ஜின்எக்ஸ் கீகளின் கணக்கை வைக்கும் மெமரி. 1 எம்பிக்குச் சுமார் 8,000 கீ பிடிக்கும். அது நிரம்பினால் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைச் சேர்க்கும். 10 எம்பி என்றால் கிட்டத்தட்ட 80,000 ஃபைலோடு நிற்கும். 'டிஎஃப்' கமாண்டை இனோட் ஆப்ஷனோடு ஓட்டி மிச்சத்தைப் பார்த்துவிட்டு அளவைக் குறையுங்கள்.

கதிரொளி:
அப்படியானால் டிராப்-கேஷஸும் 'ஃபைண்ட்' வரியும் போகின்றன. செஷனுக்குத் தனி ரெடிஸ். இன்ஆக்டிவ் ஒரு நாள், மேக்ஸ்-சைஸ் டிஸ்கில் பாதி. பழைய டேட்டா விஷயத்தில் இரவுக்காவல் சொல்வதை ஒதுக்க முடியவில்லை. இந்தக் கோடில் டிடிஎல் இல்லாத கீகள் நிறைய இருக்கின்றன.

இரவுக்காவல்:
அவற்றைத் தேடித் திருத்தும்வரை கேஷ் ரெடிஸில் ஃப்ளஷ்டிபி ஓடட்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஓரக்கல்:
அதற்கும் ஃப்ளஷ் வேண்டாம். கீயின் முன்னால் ஒரு பதிப்பு எண் வையுங்கள். புதிய கோடு ஏற்றும்போது எண்ணைக் கூட்டினால் பழைய கீகளை யாரும் கேட்கமாட்டார்கள், எல்ஆர்யூ மெல்ல எடுத்துவிடும். டிடிஎல் இல்லாத கீகளைத் தேட 'கீஸ்' கமாண்டைத் தொடாதீர்கள், முடியும்வரை ரெடிஸையே நிறுத்திவைக்கும். 'ஸ்கேன்' பயன்படுத்துங்கள்.

இரவுக்காவல்:
இரண்டு ஏற்றத்துக்கு நடுவில் மாறும் விலைக்குப் பதிப்பு எண் என்ன செய்யும்? ஃப்ளஷ்டிபி இருக்கட்டும் கதிரொளி.

தாரணி:
அதை நீங்கள் இருவரும் முடித்துக்கொள்ளுங்கள். கதிரொளி, மேக்ஸ்-சைஸ் போட்டு ரீலோட் செய்ததும் டிஸ்க் உடனே குறையாது. என்ஜின்எக்ஸின் கேஷ் மேனேஜர் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 100 ஃபைல்தான் எடுக்கும், நடுவில் சற்று நிறுத்தும். அவசரப்பட்டு நீங்கள் கையால் அழித்தால், இல்லாத ஃபைலை அழிக்கப் போய் லாக் முழுக்க எர்ரர் எழுதிவைக்கும்.