மதுரை தாண்டியதும் கடலோரமாகவே கன்னியாகுமரி போகலாமா?

ஓசூர்வாசி கேட்டது:

பொங்கல் விடுமுறையில் ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் கிளம்புகிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கிற மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, படியேற்றம் ஆகாது. சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக வந்து மதுரையில் ராத்திரி தங்குவதாக முடிவு. அதற்கு மேல் விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று நாலுவழிச் சாலையிலேயே இறங்கிவிடு, மதியச் சாப்பாட்டுக்குக் கன்னியாகுமரி என்கிறார்கள் எல்லாரும்.

எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அவ்வளவு தூரம் வந்து கூட்டத்தில் நின்று பாறையையும் சிலையையும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பவா? மகள் இதுவரை பார்த்த கடல் மெரினா ஒன்றுதான். தூத்துக்குடியிலிருந்து கரையை ஒட்டி ஒரு சாலை போவது மேப்பில் தெரிகிறது. அந்த வழி காருக்குச் சரிப்படுமா? எங்கே நிறுத்தலாம், எங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது? அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்:

தம்பி, தாராளமாக வாங்க. எனக்கு உடன்குடிப் பக்கம்தான். எங்கள் கரையைப் பார்க்காமல் நேராகக் குமரிமுனைக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி வரை நாலுவழிச் சாலை, சுமார் 140 கிலோமீட்டர். மக்ரூன் வாங்கணும் என்றால் மட்டும் ஊருக்குள் போங்க. முத்தையாபுரம் தாண்டியதும் சாலையோரம் உப்பளங்கள். உப்பு வாரிக் குவிப்பதைப் பார்க்கப் பங்குனி, சித்திரையில் வரவேண்டும். தை மாதம் மழைத்தண்ணீரை வடித்துப் பாத்தியைச் சீர்செய்துகொண்டிருப்பார்கள். ஆத்தூரில் தாமிரபரணிப் பாலம் வரும். அதுவரை உப்பும் உடைமரமுமாக இருந்த பூமி, அந்த இடத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக மாறிவிடும். மகளை ஜன்னல் பக்கம் உட்கார வைங்க.

காயல்பட்டினம் கடந்தால் திருச்செந்தூர். பொங்கல், தைப்பூச சமயத்தில் முருகனுக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் பச்சை உடுத்திக்கொண்டு ராப்பகலாகச் சாலையோரம் நடப்பார்கள். இருட்டில் அந்தச் சாலையில் வேகம் வேண்டவே வேண்டாம். பகலிலேயே கடந்துவிடுங்க.

நீங்க நேரம் ஒதுக்க வேண்டிய இடம் மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து 18 கிலோமீட்டர் இருக்கும். சாலையை விட்டு இடதுபக்கம் ஊருக்குள் திரும்பணும். ஊர்க் கடைசியில் ஒரு மணல்குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், அதன்மேல் திருச்சிலுவைக் கோவில். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கடல் பக்கம் இருக்கிறது. குகைக்குள் ஒரு கிணறு. அலை அடிக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் தண்ணீரில் உப்புக் கரிக்காது. மகளை ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்க.

குன்றின்மேல் நின்றால் ஒரு பக்கம் அலை பாறையில் மோதி நுரை மேலே தெறிக்கும். அப்படியே திரும்பினால் கருமேனி ஆறு கடலோடு சேருகிற கழிமுகம், அசையாமல் பச்சையாகக் கிடக்கும். சாயங்காலம் அந்தக் கரையில் வலையை விரித்துப்போட்டு, கிழிந்த கண்ணை ஒவ்வொன்றாக நைலான் நூலால் முடிந்துகொண்டிருப்பார்கள். காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கை பாட்டுக்கு முடிச்சுப் போடும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் விரட்ட மாட்டார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். அம்மாவுக்குக் குன்றேறச் சிரமம் என்றால் இந்தப் பக்கம் உட்கார்ந்தாலே போதும். கால் நனைக்கவும் இதுதான் இடம். குன்றுக்குக் கடல் பக்கம் உள்ள பாறைகளில் பாசி வழுக்கும், போகவேண்டாம்.

வருகிற வழியிலேயே குலசேகரப்பட்டினம். தசராவுக்குப் பேர்போன முத்தாரம்மன் கோவில் ஊர். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் இங்கேதான் அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே விடமாட்டார்கள், இருந்தாலும் மகளிடம் சொல்லுங்க: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போகணும், அதில் எரிபொருள் வீணாகும். எங்க ஊரிலிருந்து ஏவினால் நேராகத் தெற்கே கடல்தான்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்காமல் போகாதீங்க. விலை ரொம்பக் குறைத்துச் சொன்னால் சீனி கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்க. நுங்குக்கும் பதநீருக்கும் தை மாதம் பருவம் இல்லை, ஆனால் பனங்கிழங்கு கிடைக்கும். மஞ்சள் போட்டு அவித்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள்.

சுற்றுலா வேன்:

நான் இந்த வழியில் சவாரி ஓட்டுகிறவன். அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, ஆனால் முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் இத்தனையும் பார்ப்பது கஷ்டம். ரெண்டுவழிச் சாலை, ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆடு மாடு குறுக்கே வரும். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடாதீர்கள். நான் என்றால் நாலுவழிச் சாலையில் நேரே நாகர்கோவில் போய் அறை எடுத்து, அங்கிருந்து தினம் ஒரு பக்கம் போய்வருவேன். கடலோரமாகத்தான் வருவீர்கள் என்றால் திருச்செந்தூரில் ஒரு ராத்திரி தங்குங்கள். விடுமுறை நாள், அறையை இப்போதே பதிவு செய்யுங்கள்.

மணப்பாட்டுக்கு அப்புறம் உவரியில் கட்டாயம் நிறுத்துங்கள். கப்பல் வடிவத்தில் மாதா கோவில், உச்சியில் விமானம். அதே கரையில் சுயம்புலிங்க சுவாமி கோவில். கடல் மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டுவது அங்கே நேர்த்திக்கடன். ரெண்டுக்கும் வண்டி பக்கத்திலேயே போகும். அப்புறம் கூடங்குளம், அஞ்சுகிராமம் வழியாகக் கன்னியாகுமரி.

பழையாற்றங்கரை:

அண்ணே, நான் நாகர்கோவில். கன்னியாகுமரியோடு பயணத்தை முடித்துவிடாதீர்கள். நல்ல கடற்கரைகள் அதற்கு மேற்கேதான் தொடங்குகின்றன.

முதலில் வட்டக்கோட்டை. அஞ்சுகிராமம் சாலையிலிருந்து திரும்பணும், குமரிமுனைக்கு முன்னாலேயே வந்துவிடும். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய்தான் பிறகு திருவிதாங்கூர் படையில் சேர்ந்து இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். நீங்கள் குளச்சல் வரை போனால் அந்தப் போரின் வெற்றித்தூணையும் பார்க்கலாம்.

குமரிமுனையில் தை மாதம் வருவது நல்லது. சூரியன் கடலிலேயே உதித்துக் கடலிலேயே மறைவதைப் பார்க்கலாம். கோடையில் வந்தால் மேற்கே கரைப்பக்கம் போய்விடும். ஐயப்ப சாமிமார் கூட்டம் இருக்கும், பாறைக்குப் படகு வரிசை நீளும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்திருக்கிறார்கள். மகளுக்குப் பிடிக்கும். அம்மா கரையிலேயே இருக்கட்டும்.

மறுநாள் கோவளம், மணக்குடி வழியாகப் போங்கள். மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிறது. அங்கே இருந்த பழைய பாலத்தை 2004 சுனாமி பிய்த்து எறிந்துவிட்டது. இப்போது நீங்கள் கடப்பது அதற்கப்புறம் கட்டியது. சொத்தவிளையில் மணல் அகலம், கார் பக்கத்திலேயே நிற்கும், அம்மா சௌகரியமாக உட்காரலாம். சாயங்காலத்துக்கு முட்டம். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே பெரிய பெரிய பாறைகள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் மேற்குக் கரையில் எங்கேயும் குளிக்க இறங்காதீர்கள். கரையிலேயே திடீரென்று ஆழம் விழும், இழுப்பும் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். நல்ல வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, எங்கேயோ தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து ஏறும். கள்ளக்கடல் என்போம். அது பெரும்பாலும் கோடையில் வருவது, ஆனால் முட்டம் பாறையில் எந்த மாதமும் ஆள் தவறி விழுகிறது. படம் எடுக்கக்கூட இறங்கவேண்டாம்.

சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் கேளுங்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. வேன்காரர் சொன்னபடி திருச்செந்தூரில் தங்கி, மறுநாள் மணப்பாடு, உவரி, வட்டக்கோட்டை. அடுத்த நாள் சொத்தவிளை, முட்டம், குளச்சல். திரும்பும்போது நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக நாலுவழிச் சாலையைப் பிடித்துக்கொள்கிறோம். கடலில் கால் நனைப்பது மணப்பாட்டுக் கழிமுகத்தில் மட்டும்தான், மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, உங்கள் பெயரிலேயே இருக்கிற தேரி, அந்தச் செம்மணல் மேடும் அந்த வழியிலேயே வருமா?

தேரிக்காட்டான்:

வழியில் வராது தம்பி, கொஞ்சம் உள்ளே போகணும். திருச்செந்தூரிலிருந்து காலையில் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போங்க. சுற்றிலும் செக்கச்சிவந்த மணல்மேடு, நடுவே வற்றாத சுனை. வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது, அதனால் ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டு மணப்பாட்டுக்கு இறங்கிடுங்க. காரைத் தார்ச்சாலையை விட்டு மணலில் மட்டும் இறக்காதீங்க, சக்கரம் புதைந்தால் ட்ராக்டர்தான் வரணும்.