30 செ.மீ படத்துல ட்ரெயின் பண்ண மாடல், சென்டினல் படத்துல ஒரு பிளேன கூட புடிக்கல

பிக்ஸல்பித்தன்:
மக்களே, ரேர்பிளேன்ஸ்ங்கற பிளேன் பட டேட்டாசெட் (வேர்ல்ட்வியூ-3 சேட்டிலைட், பிக்ஸலுக்கு சுமார் 30 செ.மீ) வச்சு யோலோ (படத்துல பொருள கண்டுபிடிக்குற மாடல்) ட்ரெயின் பண்ணேன், டெஸ்ட்ல நல்லாத்தான் வந்துச்சு. சரி ஓசில கிடைக்குற சென்டினல்-2 சேட்டிலைட் படத்துல கலிபோர்னியா விக்டர்வில் ஏர்போர்ட்ட குடுத்து பாப்போம்னா ஒண்ணு கூட மாட்டல, அங்க ஓடாத பிளேனுங்க வரிசையா நிக்குதுனு ஊருக்கே தெரியும். கண்ணுக்கு வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுதே. படத்த பெருசாக்கி குடுத்தா சரியாகுமா?

ஒத்தைப்புள்ளி:
மொதல்ல கணக்கு போடுங்க. போயிங் 737-800 நீளம் 39.5 மீட்டர், ரெக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 36. சென்டினல்ல ஒரு பிக்ஸல் 10 மீட்டர், ஆக நாலுக்கு நாலு. உங்க ட்ரெயினிங் படத்துல அதே பிளேன் 130 பிக்ஸல் நீளம். உடம்போட அகலம் 4 மீட்டர் கூட கிடையாது, அரை பிக்ஸலுக்கும் கம்மி, வெள்ளை ரெக்கையும் பக்கத்து நிழலும் ஒரே பிக்ஸல்ல கலந்து கான்கிரீட் கலருக்கே வந்துடும். மாடல் படிச்சது சிலுவை வடிவம், நீங்க காட்டுறது அரிசி மணி.

கடலைமிட்டாய்:
பெருசாக்குறது மோர்ல தண்ணி ஊத்துற கதைதான். ஆனா சுத்தமா வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், யோலோல வழக்கமா நுணுக்கமான லேயரே 8 பிக்ஸலுக்கு ஒரு கட்டம், 4 பிக்ஸல் பிளேன் அதுல தொலைஞ்சுடும், பெருசாக்குனா அந்த ஒரு தொல்லை போகும். அத விட ட்ரெயினிங் படத்தயும் 10 மீட்டருக்கு கொண்டுவந்து மறுபடி ட்ரெயின் பண்ணுங்க. சின்னதாக்கும்போது நியரெஸ்ட் (பக்கத்துல இருக்குற ஒரே பிக்ஸல மட்டும் எடுக்குற முறை) போடாதீங்க, அந்த இடத்துல இருக்குற எல்லா பிக்ஸலோட ஆவரேஜ் எடுங்க. படத்த டைலா (சின்ன துண்டா) வெட்டுறதுக்கு முன்னாடியே பண்ணணும், 512 பிக்ஸல் டைல்னா 150 மீட்டர்தான், சின்னதாக்குனா 15 பிக்ஸல் மிஞ்சும் (நான் இதுல ரெண்டு நாள் வீணாக்குனேன்). அப்பவும் பெரிய ஜெட் மட்டும்தான். செஸ்னா 172 மாதிரி குட்டி பிளேன் ரெக்கை 11 மீட்டர், அத மறந்துடுங்க.

வான்நோக்கி:
பறக்குற பிளேன்னா சென்டினல்ல ஈஸிங்க. நீல பேண்டும் சிவப்பு பேண்டும் (ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா எடுக்குற படம்) ஒரே நேரத்துல எடுக்குறதில்ல, சுமார் 1 செகண்ட் இடைவெளி, 900 கிமீ வேகத்துல போற பிளேன் அதுக்குள்ள 250 மீட்டர் தாண்டிடும், அதாவது 25 பிக்ஸல். நீலம், பச்சை, சிவப்புனு ஒரே பிளேன் மூணா தெரியும். நிக்குறதுக்கு இந்த வித்தை ஆகாது.

பிக்ஸல்பித்தன்:
அட, ஒரு படத்துல வானவில் மாதிரி ஏதோ இருந்துச்சு, டவுன்லோடு கெட்டுப்போச்சுன்னு தூக்கி போட்டுட்டேன் 🤦 நைட்டு ஆவரேஜ் போட்டு ஓட விடுறேன்.