டெக்சாஸ், கேன்சஸ் பக்கம் ஸ்டார்ம் சேஸிங்: எந்த மொபைல் லைனை நம்பலாம்?

டல்லாஸ் மழைப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் வேதாரண்யம், இப்போது டல்லாஸில் வேலை. சின்ன வயதிலிருந்தே மேகம் கறுத்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறவன் நான். போன மே மாதம் நண்பனோடு முதல்முறையாக ஸ்டார்ம் சேஸிங், அதாவது இடிமேகத்தைத் துரத்திப் பார்க்கப் போனேன்.

டெக்சாஸின் வடக்கு நீட்சியான பேன்ஹேண்டிலில் டர்க்கி ஊரைத் தாண்டி, குயிட்டாக்கி வழியாக சில்வர்ட்டன் போகிற 86ஆம் நெடுஞ்சாலை. கேப்ராக் என்ற செங்குத்து மேட்டில் சாலை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விட்டது. ரேடார் படம் அப்படியே நின்றுவிட்டது, அது நின்றுபோனது எங்களுக்குத் தெரியவில்லை. திரையில் இடிமேகம் எங்களுக்கு மேற்கே 12 மைலில் இருந்தது. முன்கண்ணாடியில் ஆலங்கட்டி விழுந்து விரிசல் ஓடிய பிறகுதான் படத்தின் நேரத்தைப் பார்த்தோம். 19 நிமிடம் பழையது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இந்த மே மாதம் தென்மேற்கு கேன்சஸ் வரை போக நினைக்கிறோம். என்னிடம் இருப்பது மாதம் 25 டாலர் ப்ரீபெய்ட் லைன். எந்த நிறுவனத்துக்கு மாறலாம்? காருக்கு சிக்னல் பூஸ்டர் வாங்கினால் பலன் உண்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி:

செயற்கைக்கோள் இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் மினி வாங்கிவிடுங்கள். பிக் பெண்ட் பக்கம் கேம்பிங் போனபோது எங்கள் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை, அது மட்டும் வேலை செய்தது. கார் பேட்டரியிலேயே ஓட்டலாம்.

விச்சிட்டா அக்கா:

தம்பி, கண்ணாடியோடு போனதே, அதுவே நிம்மதி. நான் இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரக்கடைசியில் வீட்டில் இருக்கமாட்டேன்.

எந்த நிறுவனம் என்பதைவிட, லைன் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மலிவு ப்ரீபெய்ட் லைன்கள் பெரிய நிறுவனத்தின் டவரில்தான் ஓடுகின்றன, ஆனால் பலவற்றில் உள்நாட்டு ரோமிங், அதாவது வேறு நிறுவனத்து டவரில் ஒட்டிக்கொள்ளும் வசதி கிடையாது. சமவெளியில் பல இடங்களில் உள்ளூர்ச் சிறு நிறுவனத்தின் டவர்தான் இருக்கும், நெப்ராஸ்காவில் வியாரோ மாதிரி. ரோமிங் உள்ள போஸ்ட்பெய்ட் லைன் அதில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே டவர் இருந்தும் உங்கள் போன் 'சேவை இல்லை' என்று காட்டும்.

அடுத்தது கூட்டம். சில நூறு பேர் வாழும் ஊருக்குப் போட்ட டவர் அது. நல்ல சூப்பர்செல் (சுழலும் பெரிய இடிமேகம்) வரும் நாளில் அந்த ஊர்ச் சாலையில் வரிசையாக நூறு கார் நிற்கும், பாதிப் பேர் நேரலை வீடியோ விட்டுக்கொண்டிருப்பார்கள். போனில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், ஆனால் படம் இறங்காது. நெரிசல் வந்தால் மலிவு லைன்களைத்தான் முதலில் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதனால் வெவ்வேறு டவர்களில் ஓடும் இரண்டு லைன் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் ஒன்று, நண்பர் போனில் ஒன்று. டி-மொபைலின் 600 மெகாஹெர்ட்ஸ், வெரைசானின் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் வயல்வெளியில் வெகுதூரம் எட்டும். 600ஐப் பிடிக்க போனில் பேண்ட் 71 இருக்க வேண்டும், பழைய போன் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் வரைபடத்தில் கவரேஜ் பார்க்கும்போது வெளியில் நிற்பவருக்கான கணக்கு ஒன்று, வண்டிக்குள் இருப்பவருக்கானது ஒன்று என்று இரண்டு உண்டு. வண்டிக்கானதைப் பாருங்கள்.

பூஸ்டர் இருக்கிற சிக்னலைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. எல்லா நிறுவனங்களின் சிக்னலையும் பெருக்கும் வண்டி பூஸ்டருக்கு எஃப்சிசி 50 டெசிபல் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கேன்சஸ் மாதிரி தட்டையான நிலத்தில் ஒரு கோடு ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்கு நன்றாக உதவியிருக்கிறது. நீங்கள் மாட்டிய கேப்ராக் சரிவில் உதவியிருக்காது. அங்கே மேடே டவரை மறைக்கிறது. ஹூஸ்டன்வாசி சொன்ன ஸ்டார்லிங்க் வெட்டவெளியில் காத்திருக்கும்போது அருமைதான். கனமழைக்குள் போனால் அதுவும் அறுந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உங்கள் கண்ணாடி சிக்னல் போனதால் உடையவில்லை தம்பி, படத்தின் நேரத்தைப் பார்க்காததால் உடைந்தது. அமெரிக்க அரசின் வானிலை ரேடாரான நெக்ஸ்ராட் வானத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்க்கவே மழைநேரத்தில் 4 முதல் 6 நிமிடம் ஆகும். சிக்னல் நன்றாக இருக்கும்போதே நம் கைக்கு வருவது பழைய படம்தான். மணிக்கு 40 மைலில் வரும் மேகம் 5 நிமிடத்தில் 3 மைலுக்கு மேல் நகர்ந்துவிடும். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் டொர்னேடோ என்ற சுழற்காற்றில் சிக்கி இறந்தார்கள். இந்தத் தொழிலில் மிகுந்த அனுபவம் உள்ளவர்கள். அந்த டொர்னேடோ சில நிமிடங்களுக்குள் திசை மாறி, வேகம் எடுத்து, 2.6 மைல் அகலத்துக்கு விரிந்தது. மே மாதம் வந்தால் அவர்களை நினைக்காமல் நான் வண்டியைக் கிளப்புவதில்லை.

என் வழக்கம் இது: படம் 8 நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் அதை வைத்து ஒரு மைல்கூட முன்னே போகமாட்டேன். மேகம் வடகிழக்கே போகிறதென்றால் அதற்குத் தென்கிழக்கே, தார்ச்சாலையாகப் பார்த்து ஒதுங்கிவிடுவேன். மண்சாலை வேண்டவே வேண்டாம். ஓக்லஹோமா செம்மண் நனைந்தால் வண்டி சேற்றில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிடும். வரைபடத்தைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், காகித அட்லஸும் ஒன்று வையுங்கள்.

அலைவரிசை:

அக்கா சொன்னதோடு ஒன்று. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ வாங்குங்கள். அரசின் வானிலை அமைப்பான நோவா 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 சேனலில் ஒலிபரப்புகிறது, அதற்கு இன்டர்நெட் வேண்டாம். ஆனால் எச்சரிக்கையில் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயரைத்தான் முதலில் படிப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எந்தக் கவுன்டியில் இருக்கிறோம் என்றே தெரியாது.

டல்லாஸ் மழைப்பையன்:

அலைவரிசை அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். அன்றைக்கு ஹால் கவுன்டியிலிருந்து பிரிஸ்கோ கவுன்டிக்குள் போயிருக்கிறோம். ரேடியோ இருந்து, பிரிஸ்கோ என்று பத்துமுறை சொல்லியிருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது.

அக்கா, லைனை மாற்றுகிறேன். நண்பன் வேறு நிறுவனத்து லைன் எடுக்கிறான். தென்மேற்கு கேன்சஸில் டாட்ஜ் சிட்டிக்குத் தெற்கே எந்தெந்தக் கவுன்டிப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளட்டும்?

விச்சிட்டா அக்கா:

டாட்ஜ் சிட்டி இருப்பது ஃபோர்ட் கவுன்டி. அதற்கு மேற்கே கிரே. தெற்கே கிளார்க், அதன் மேற்கே மீட், கிழக்கே கமான்ச். பெரிய எழுத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். எல்லைப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயரைச் சத்தமாகச் சொல்லட்டும்.